உரைகல்லும் கோலியும்

செல்போனில் ஆடுகிற கோலி விளையாட்டு ஒன்றைச் செய்து வெளியிட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் இலக்கிய நண்பர்களில் ஒரு சாரார் சிரித்தார்கள். மற்றவர்கள், ‘பால்ய ஏக்கமா?’ என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். சிரித்தவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. அனுதாபப்பட்டவர்களுக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இழந்த கிராமத்தைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்த கவிதைகளில் கோலி என்ற வார்த்தையே பழுதாகிக் கிடக்கிறது. அதைச் சொன்ன மாத்திரத்தில் புளியமரமும் பாட்டியும் வந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கண்ணாடிக் குண்டு இன்னொரு கண்ணாடிக் குண்டை இடிக்கும் அந்த க்ஷணம் மட்டும். அதை வர்ணிக்காமல், உவமைக்குள் தள்ளாமல், வெறுமே நடக்கச் செய்ய முடியுமா? பத்துப் பன்னிரண்டு வருஷமாக வார்த்தைகளைப் பற்றி வார்த்தைகளிலேயே பேசி வந்தவனுக்கு இந்த ஆசை வருவதில் விபரீதம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆசை பழையதுதான். 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக விஞ்ஞானி, சுற்றிப்பார்க்க வருகிற ஜனங்கள் சலிப்படையக்கூடாது என்று ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். அங்கிருந்த சிறிய அனலாக் கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில் எறிகணையின் பாதையையும் துள்ளும் பந்தையும் வரைந்து காட்டும் வழி சொல்லியிருந்தது. அந்த வழியையே எடுத்து ஐந்து அங்குல ஆசிலோஸ்கோப் திரையில் இரண்டு பேர் ஆடும் பந்தாக்கினார். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அவர் காப்புரிமை கேட்கவில்லை. அடுத்த வருஷம் சற்றுப் பெரிய திரையில் காட்டிவிட்டு, கருவிகளைப் பிரித்து வேறு காரியங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்று அந்தக் கணக்கை யாரும் ஆரம்பத்திலிருந்து போடவேண்டியதில்லை. எரின் காட்டோ என்பவர் எழுதி 2007-ல் மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்த பாக்ஸ்2டி என்ற எஞ்சின் இருக்கிறது. பொருள்கள் விழுவது, மோதுவது, உராய்வது எல்லாம் அதன் பொறுப்பு. பின்லாந்தின் ரோவியோ கம்பெனி 2009 டிசம்பரில் வெளியிட்ட ஆங்க்ரி பேர்ட்ஸில் கவணிலிருந்து கிளம்பிய பறவைகள் இதன் விதிப்படிதான் பறந்தன. 2011-ல் ஒரு மாநாட்டில் ரோவியோவின் பிரதிநிதி பேசி முடித்ததும் சபையிலிருந்து ஒருவர், எந்த எஞ்சினைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். பாக்ஸ்2டி என்று பதில் வந்தது. அதைச் செய்தவர் பெயரைப் போடுவீர்களா என்பது அடுத்த கேள்வி. கேட்டவர் காட்டோதான். போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஏடு படியெடுத்தவன் பெயர் தெரியாமலே போய்விட்ட நம் மரபில் வளர்ந்த எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்தமானது.

நான் எழுதியது லுவா என்ற மொழியில். 1993-ல் பிரேஸிலில் பிறந்தது. போர்த்துகீசியத்தில் லுவா என்றால் நிலா. சின்ன இலக்கணம், பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொண்டுவிடலாம். கீழ்பென்னாத்தூர் கிளையில் நகைக்கடன் கணக்கை முடித்துவிட்டு வீடு வந்தால் ராத்திரி இரண்டு மணி நேரம் கிடைக்கும். அப்படி எட்டு மாதம்.

எஞ்சினுக்கென்று ஒரு சுபாவம் உண்டு. பத்து சென்டிமீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரையுள்ள பொருள்களைத்தான் அது ஒழுங்காக நடத்தும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் கோலி அதன் உலகத்தில் தூசி. ஆகவே என் கோலி திரையில்தான் கோலி. எஞ்சினுக்குள் அது அரை மீட்டர் குறுக்களவுள்ள பாறாங்கல். அப்புறம், ஒரு எல்லைக்குக் கீழான வேகத்தில் மோதிக்கொள்பவற்றை எஞ்சின் துள்ளவிடாது. அடுக்கி வைத்த பெட்டிகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிராமல் இருக்க அந்த ஏற்பாடு. கோலியிலோ சாமர்த்தியமெல்லாம் வந்தும் வராமலும் தொடுகிற அந்தத் தொடுதலில் இருக்கிறது. மூலநிரல் கையில் இருந்ததால் அந்த எல்லையை இறக்கினேன். கோலியை நிறுத்துவது இன்னொரு பாடு. எஞ்சின் தருகிற தணிப்பு, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே போவது. கோலி ஊர்ந்து ஊர்ந்து, நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டிருக்கும். மண் அப்படிச் செய்யாது. கடைசிவரை ஒரே பிடியாகப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். மண்ணின் அந்தப் பிடியைத் தனியாக எழுதிச் சேர்த்தேன்.

ஆண்ட்ராய்டில் வெளியிடக் கூகிளுக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டவேண்டும். அது சுலபம். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பின் கணக்குத் தொடங்கிய தனிமனிதர்களுக்கு இன்னொரு விதி உண்டு. கடைக்கு வருமுன் சோதித்துப் பார்க்கச் சிலரைச் சேர்க்கவேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள். 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். இந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாகப் பதிவில் இருக்கவேண்டும். பன்னிரண்டு என்பது சிறுபத்திரிகைக்காரனுக்குப் பரிச்சயமான தொகைதான். கிளையில் இரண்டு பேர், செஞ்சி ரோட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி, டீக்கடைக்காரர், பஸ்ஸில் திருவண்ணாமலைக்குக் கூட வரும் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், கவிஞர்கள் இரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் எங்கள் கிளையின் அப்ரைசர்.

அவர் பரம்பரைப் பத்தர். அறுபதைத் தாண்டியவர். கவுன்டருக்கு உள்பக்கம் உரைகல்லும் அமிலக் குப்பியுமாக உட்கார்ந்திருப்பார். போனை வாங்கி நான் ஆடுவதை நாலைந்து தடவை பார்த்தார். வளையலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

“என்னா சார் இது, அடிச்ச குண்டு பொத்துனு நின்னுடுது?”

“நேரா அடிச்சா நிக்கும் பத்தரே. ரெண்டும் ஒரே எடை. இதோட வேகம் பூரா அதுக்குப் போயிடும். நியூட்டன் கணக்கு.”

“அடிச்சதும் கொஞ்சம் பின்னாலயே போவும் சார். போயி நிக்கும். இது கோலி இல்ல, கேரம் போர்டு.”

வீட்டுக்கு வந்து யோசித்ததில் அவர் சொன்னதன் முழுப் பொருளும் விளங்கிற்று. மேலிருந்து பார்க்கும் என் திரையில் எஞ்சினுக்குத் தெரிந்தது தட்டையான வட்டம் மட்டுமே. அது பம்பரம் மாதிரி சுழலும், உருளத் தெரியாது. நிஜக் கோலி உருண்டு வருகிறது. மோதும்போது முன்னோக்கிய வேகத்தைக் கொடுத்துவிடுகிறதே தவிர உருட்டைக் கொடுப்பதில்லை. இடத்தில் நின்றபடியே ஒரு கணம் சுழன்று, தரையைப் பற்றி, மறுபடி முன்னே நகர்கிறது. வழுவழுப்பான உருண்டைகளுக்குப் பாடப்புத்தகக் கணக்கு இருக்கிறது: பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு அடித்த கோலிக்குத் திரும்பக் கிடைக்கும். பத்தர் இந்தக் கணக்கைப் படித்தவரில்லை. தோற்றவன் விரல்முட்டியை மடக்கித் தரையில் வைக்க, ஜெயித்தவன் கோலியால் குறிபார்த்து அடிக்கிற ஆட்டத்தை ஆடியவர்.

மாத்யூ ஆர்னால்ட் 1880-ல் எழுதிய கட்டுரையில், மகாகவிகளின் சில வரிகளை உரைகல்லாக மனசில் வைத்துக்கொண்டு மற்றக் கவிதைகளை உரசிப் பார்க்கச் சொல்கிறார். கல்லூரியில் இதை மனப்பாடம் பண்ணினோம். நம் விமர்சகர்கள் பலரும் பெயர் சொல்லாமல் இதைத்தான் செய்துவருகிறார்கள். ஆர்னால்டிடம் எனக்கு எப்போதும் உறுத்தி வந்த விஷயம், அவருடைய கல்லும் கவிதை, உரசுவதும் கவிதை என்பது. பத்தரின் கல் பொன் அல்ல. கருப்பாக, விலையில்லாததாக இருப்பதால்தான் பொன்னின் கோடு அதில் தெரிகிறது. என் விளையாட்டை உரசிய கல்லும் விளையாட்டு மென்பொருள் அல்ல. ஒரு மனிதரின் முட்டியில் எப்போதோ பட்ட வலி.

அடித்த கோலிக்கு மோதலுக்குப் பின் கொஞ்சம் வேகத்தை நானே கொடுத்தேன். ஏழில் இரண்டு கொடுத்தால் பத்தர் தலையை ஆட்டினார். புழுதியில் அவ்வளவு போகாது. பாதியாக்கியதும் ‘ம்’ என்றார். எஞ்சினின் பார்வையில் இது சுத்தமான பொய், காரணமில்லாமல் முளைக்கிற வேகம். இந்த வகை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பொய் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஹனோயில் டோங் நுயென் தனியாளாகச் செய்து 2013 மே மாதம் வெளியிட்ட ஃப்ளாப்பி பேர்டில், ஒவ்வொரு தட்டலும் பறவையின் பழைய வேகத்தை அழித்துவிட்டு ஒரே அளவான புது வேகத்தை வைக்கிறது. எந்தப் பறவையும் அப்படிப் பறப்பதில்லை. அந்தக் கண்டிப்புதான் கோடிக்கணக்கானவர்களை அதில் கட்டிப்போட்டது. ஜனங்கள் அதற்கு அடிமையாவதைப் பார்த்துப் பொறுக்காமல் 2014 பிப்ரவரியில் அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரைத் தேடி அலைகிறவன் இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அழகல்ல.

பத்தரால் ஆடத்தான் முடியவில்லை. உரைகல்லிலும் அமிலத்திலும் தேய்ந்த விரல் அவருடையது. கண்ணாடி அந்த விரலைப் பாதி நேரம் உணர்வதே இல்லை. எங்கள் கிளையில் முதியோர் பென்ஷன் வாங்க வரும் பாட்டிகளுக்கும் இதே கதை. மணிலாக் கொட்டை பறித்துப் பறித்து ரேகை அழிந்த கட்டைவிரலை மெஷினில் வைத்து, துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடி வைப்பார்கள். மெஷின் அவர்களை அவர்களில்லை என்று சொல்லும். அதே ஜாதிக் கண்ணாடியில்தான் நானும் கோலி ஆடச் சொல்லியிருக்கிறேன். தொடும் பரப்பைப் பெரிதாக்கினேன். விட்டுவிட்டுப் படுகிற விரலையும் ஒரே சுண்டலாக எடுத்துக்கொள்ள வைத்தேன். ஓரளவுதான் பலித்தது. கடைசியில் பேரன் போனைப் பிடிக்க, இவர் பக்கத்தில் இருந்து, ‘இன்னும் சோத்தாங்கைப் பக்கம், இப்ப விடு’ என்று சொல்லி ஆடினார். நன்றாகவே ஆடினார்.

14 நாள் முடிந்து அனுமதி கேட்கும்போது கூகிள் ஒரு படிவம் வைக்கிறது. சோதனையாளர்கள் எப்படி ஆடினார்கள், நிஜமாக ஆடப்போகிறவர்கள் மாதிரி ஆடினார்களா என்று அதில் ஒரு கேள்வி. ஒன்பது பேர் ஆடினார்கள் என்றும், ஒருவர் தன் பேரனின் விரலால் ஆடினார் என்றும், கவிஞர்கள் இருவரும் திறக்கவே இல்லை என்றும் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் அனுமதி வந்தது.