எதற்குப் போட்ட கையெழுத்து?

மருத்துவக் கவனக்குறைவு வழக்கென்றால் அறுவையில் நடந்த பிசகைத்தான் வக்கீல்கள் பலரும் முதலில் தேடுவோம். கர்ப்பப்பை, கருத்தடை வழக்குகளில் ஒப்புதல் படிவத்தை முதலில் படிப்பதே சரி என்பது என் கட்சி. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கைப் பாருங்கள். 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோபிப் பரிசோதனைக்குக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் புகாரைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமோ, அந்த நோய்க்கு அந்த அறுவை தகுந்ததே என்று ஏற்ற பிறகும் டாக்டரைப் பொறுப்பாக்கியது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது; சற்று நேரத்தில் நினைவு திரும்பப்போகும் மேஜர் பெண்ணுக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. டாக்டரின் திறமையைக் குறை சொன்னால் எதிர்த்தரப்பு வேறொரு டாக்டரின் கருத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். கையெழுத்தின் எல்லையைக் கேட்டால் காகிதமே சாட்சி. (ஆபத்துகளை எவ்வளவு விளக்கவேண்டும் என்பதில் மட்டும், அதே தீர்ப்பு மருத்துவர்களின் வழக்கத்தையே அளவுகோலாக வைத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.)

வயிற்றைத் திறந்தபின் நோய் தெரிந்தால் மூடிவிட்டு மறுபடி அறுப்பதா என்று டாக்டர்கள் கேட்பது நியாயம்தான். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டியதைச் செய்யலாம் என்கிறது தீர்ப்பு, வசதிக்காகச் செய்யலாகாது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு வெறும் 25,000 ரூபாய் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதை நான் மறுக்கவில்லை. உறுப்பு போனதற்கு அந்தத் தொகை ஈடே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையோ, 1995 தீர்ப்பின்படி, நுகர்வோர் சட்டத்துக்குள்ளேயே வராது. ஆனாலும் வழி அடைபடவில்லை. ஹரியானாவில் முழுக் கருத்தடை கேட்ட ஏழைப் பெண்ணுக்கு ஒரு பக்கக் குழாயில் மட்டும் அறுவை செய்து அனுப்பினார்கள். அதன்பின் பிறந்த குழந்தையை வளர்க்கும் செலவை மாநில அரசே தரவேண்டும் என்ற சிவில் நீதிமன்றத் தீர்ப்பை 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கருத்தடை பலிக்காததே கவனக்குறைவு ஆகிவிடாது என்று 2005-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே கருத்தடை வழக்கிலும் அந்தப் பெண் கேட்டது என்ன, அவருக்குச் செய்தது என்ன என்பதே கேள்வி.

இதற்கு விடை காண, முதலில் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டுதான் கெடு.