அறுபதாயிரம் ரூபாய் வட்டி

கலைப் பட்டதாரிகளுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் ஆசிரிய பீடத்தில் வழங்கிய பழைய பகிடி. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டச் செய்திகளை எழுதியவன் என்ற துணிவில் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை.

50 வயதில் வேலையிலிருந்து விலகிய என் மனைவிக்கு ஊழியர் சேமலாப நிதிப் பணம் கிடைத்தது. அதில் 10 இலட்சம் ரூபாயை 2021 செப்டெம்பர் இறுதியில் ஓராண்டு நிலையான வைப்பில் இட்டோம். வட்டி 6 வீதம். பத்திரிகைத் தாளின் ஓரத்தில் கணக்கிட்டு, "அடுத்த வருசம் 60 ஆயிரம் கூட வரும்" என்று சொன்னவன் நானே.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அச்செய்தியை எழுதிய எனக்கு வீட்டு அலுமாரியில் இருந்த வைப்புச் சான்றிதழ் நினைவுக்கு வரவில்லை. சில வாரங்களில் வைப்பு வட்டி 15 வீதத்தைத் தாண்டிற்று. முதிர்வுக்கு முன் வைப்பை முறித்தால் வட்டியை இழக்க நேரும் என்ற அச்சமே பலரைத் தடுத்தது. ஆனால், அதுவரையான ஏழு மாத வட்டி முழுவதையும் இழந்திருந்தாலும், 15 வீதத்தில் எஞ்சிய ஐந்து மாதங்களுக்கே 62,500 ரூபாய் கிடைத்திருக்கும். எளிய பெருக்கல்தான். நான் செய்யவில்லை.

செப்டெம்பர் இறுதியில் வைப்பு முதிர்ந்தது. அந்த மாதத்திற்கான கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம் என்றது. மனைவி கேட்டார்: "இஞ்சருங்கோ, இந்தக் காசுக்குப் போன வருசம் எவ்வளவு சாமான் வாங்கியிருக்கலாம்?"

இதற்குக் கழித்தல் போதாது, வகுக்க வேண்டும். 10 இலட்சத்து 60 ஆயிரத்தை 1.698 ஆல் வகுத்தேன். ஏறத்தாழ 6 இலட்சத்து 24 ஆயிரம். கையில் பணம் கூடியிருந்தது. அதன் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கனத்தது.

முழுத் தொகையையும் 24 வீதத்தில் மீண்டும் இட்டோம். 2023 ஜனவரி முதல் வட்டியில் 5 வீத வரி கழிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அது 10 வீதமானது. 2023 செப்டெம்பரில் வரி போக 13 இலட்சத்து 1,680 ரூபாய் கைக்கு வந்தது. அப்போது பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. ஆயினும், 2021 விலைகளில் அந்தத் தொகையின் பெறுமதி ஏறத்தாழ 7 இலட்சத்து 57 ஆயிரமே. இழந்ததை 24 வீத வட்டியாலும் மீட்க முடியவில்லை.

வரப்போகும் பணவீக்கத்தை முன்னறிந்து எவரும் வைப்பு இடுவதில்லை. அதனால் இப்போது பணத்தை மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனப் பிரித்து இடுகிறோம். ஒவ்வொரு முறையும் மனைவி தம் கொப்பியில் மூன்று வரிகள் எழுதுகிறார்: வட்டி, வரி, விலைவாசி. மூன்றாவது வரியை நிரப்புவது என் பொறுப்பு. பத்திரிகையில் நான் எழுதிய எண்கள் என் வீட்டையும் பற்றியவை என்பதை அந்த வரி எனக்கு நினைவூட்டுகிறது.