வாயிலும் வாய்மையும்

பிற நாடொன்றை ஆராயப் புகும் இளைஞன் முதலில் அந்நாட்டின் மொழியைக் கற்கின்றான். பின்னர் அந்நாட்டின் வாயிலில் வந்து நிற்கின்றான். மொழி உழைப்புக்கு வசப்படும். வாயிலோ காவலன் மனம் இசைந்தாலன்றித் திறவாது. இன்றைய சீனத்தின் சமுதாயத்தையும் வெளியுறவையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் ஐரோப்பிய இளம் ஆய்வாளர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்துவிடுகின்றனர்.

இவ்வழியில் அவர்களுக்கு முன் நடந்தவர் பியேர் ரிக்மன்ஸ். 1935 இல் பெல்ஜியத்தில் பிறந்த அவர், 1955 இல் மாணவர் குழுவொன்றுடன் சீனம் சென்றார். பிரதமர் சூ என்லாயையும் சந்தித்தார். அன்று அவர் சீனமொழி அறியார். அந்தக் குறையே அவரை அம்மொழியின்பால் செலுத்தியது. தாய்வானில் பயின்று, 1960களில் ஹொங்கொங்கில் வாழ்ந்தார். 1966 இல் பண்பாட்டுப் புரட்சி மூண்டபோது, எல்லைக்கு இப்பால் இருந்தே அவர் சீனத்தை வாசித்தார். சீனப் பத்திரிகைகளும், தப்பி வந்தோரின் வாய்மொழிகளும், ஹங்கேரியப் பாதிரியார் லாடானி அங்கிருந்து வெளியிட்ட சீனச் செய்தி ஆய்விதழுமே அவருக்குச் சாளரங்களாயின.

அக்காலத்துப் பாரிஸில் மாவோவைப் போற்றுவது அறிவாளிகள் பலரின் வழக்கமாயிருந்தது. அந்நிலையில், அப்புரட்சி உண்மையில் ஓர் அதிகாரப் போட்டியே என வாதிட்டு, 1971 இல் அவர் பிரெஞ்சு மொழியில் நூலொன்றை வெளியிட்டார். மீண்டும் சீனம் செல்லும் வழி அடைபட்டுவிடலாகாது என்பதற்காகச் சிமோன் லேஸ் என்ற புனைபெயரைப் பூண்டார். அடுத்த ஆண்டே பெல்ஜியத் தூதரகத்தில் சில மாதங்கள் பணியாற்றப் பீக்கிங் சென்றார். பெயரை அவர் மறைத்தார், கண்டதை மறைக்கவில்லை.

1978 இன் பின் சீனம் தன் கதவுகளை மெல்லத் திறந்தது. கிராமத்து முற்றத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் அமர்ந்து மக்களுடன் உரையாடும் வாய்ப்பு ஐரோப்பிய மாணவருக்குக் கிட்டியது. எனினும், 2020 இல் கொள்ளைநோயால் மூடப்பட்ட எல்லை ஏறத்தாழ மூன்றாண்டுகள் எளிதில் கடக்க முடியாததாயிற்று. கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு உதவிப்பணம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கே கிடைப்பது வழக்கம். களம் காணாமலே காலம் கழிந்தோர் தம் ஆய்வுப் பொருளையே மாற்றவேண்டியதாயிற்று.

2021 மார்ச் 22 ஆம் திகதி, உய்குர் மக்கள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து ஐரோப்பிய ஒன்றியம் சீன அதிகாரிகள் நால்வர்மீது தடை விதித்தது. அன்றே சீனமும் ஐரோப்பியர் பதின்மர்மீதும் நான்கு நிறுவனங்கள்மீதும் தடை விதித்தது. அந்நான்கனுள் பெர்லின் நகரத்துச் சீன ஆய்வு நிறுவனமான மெரிக்ஸும் ஒன்று. தனி ஒருவரின் கட்டுரைக்காக மட்டுமன்றி, அவர் பணிபுரியும் இடத்துக்காகவும் கதவு அடைபடக்கூடும் என்பதை இளையோர் அன்று கண்டனர்.

ஆயின், வாயில் ஒன்றன்று, இரண்டு. மற்றையது அவர்தம் சொந்த நாட்டிலேயே உள்ளது. 2019 இல் ஐரோப்பிய ஆணைக்குழு சீனத்தைப் பங்காளி, போட்டியாளன், ஆட்சிமுறைப் பகைவன் என ஒருங்கே வருணித்தது. அதன்பின் மூன்றாவது சொல்லே உரத்து ஒலிக்கலாயிற்று. அன்று பாரிஸ் வியப்பை எதிர்பார்த்தது. இன்று ஐரோப்பியத் தலைநகரங்கள் எச்சரிக்கையை எதிர்பார்க்கின்றன. ஒரு சிற்றூரின் முதியோர் பராமரிப்பை ஆராய்பவனிடமும், இதனால் நமக்கு என்ன ஆபத்து என்றே வினவுகின்றனர். ஒரு காவலனுக்கு அஞ்சி உண்மையை விழுங்குவதும் மற்றவனை மகிழ்விக்க அதனைப் பெருக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே.

இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர், தம் வாழ்வை ஆய்வாளனிடம் மனந்திறந்து கூறிய சீன உழவர் அல்லது ஆசிரியை. ஆய்வாளன் விமானம் ஏறிவிடுவான். அவர் அங்கேயே வாழவேண்டும். அதனால் இன்று புனைபெயர் எழுதுபவனைவிடச் சொன்னவருக்கே பெரிதும் தேவைப்படுகின்றது. ஆய்வேட்டில் அவர் பெயர் மாறுகின்றது, ஊர் மறைகின்றது. ஆனால் அவர் சொன்னது மாறலாகாது. இளம் ஆய்வாளன் கணக்குக் காட்டவேண்டியது எந்த வாயிற் காவலனுக்குமன்று. பெயரின்றி நிற்கும் அம்மனிதருக்கே.