மறுதேர்வு சொல்லாத பதில்

காப்பி அடித்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். இல்லையென்று காட்ட வழி தெரியாமல் திண்டாடுவது பிள்ளைகள்தான்.

1982-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 18 மாணவர்கள் கல்லூரித் தரத்திலான கால்குலஸ் தேர்வில் தேறினார்கள். பெரும்பாலும் மெக்ஸிக வம்சாவளிப் பிள்ளைகள். பொலிவியாவிலிருந்து குடியேறிய ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டே பயிற்றுவித்தவர்கள். விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள் இருப்பதாகத் தேர்வு நிறுவனம் 14 பேரைச் சந்தேகித்தது. ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரே மாதிரி தவறுவதும் உண்டுதானே? ஆசிரியர் கொதித்தார். 12 பேர் மீண்டும் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். 1988-இல் இது திரைப்படமானது.

கைதட்ட வேண்டிய சம்பவம்தான். ஆனால் மறுதேர்வு காட்டியது அவர்களுக்குக் கணக்குத் தெரியும் என்பதை மட்டுமே. எழுதாத இருவர்? அவர்களைக் குற்றவாளிகள் என்று யார் சொல்ல முடியும்?

நம் பள்ளிகளில் பல நேரங்களில், வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்திய பிறகுதான் விசாரணையே தொடங்குகிறது. பெற்றோர் செய்யக்கூடியவை சில: அடிக்காமல் முதலில் கேட்பது, நடந்ததை அன்றே பிள்ளையின் கையால் எழுதச் சொல்வது, விடைத்தாளைப் பார்க்கக் கேட்பது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுகிறவருடையது. பதினான்கு வயதுப் பிள்ளைக்காக அதைப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.