லேத்துக்கும் தலை உண்டு, வால் உண்டு!

ஆங்கிலம் என்றாலே வயிற்றைக் கலக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நானும். பத்தாவது வரை தமிழ் மீடியம். லேத்தில் டேப்பர் டர்னிங்கைக் கச்சிதமாக முடித்துவிட்டு, வைவாவில் வாய் திறக்க முடியாமல் மார்க்கைக் கோட்டை விட்டவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்! வேலை தெரியாமலா? வார்த்தை வராமல்.

அந்த பயத்தில்தான் லைப்ரரியில் ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். மெட்டஃபர், பன், ஆக்ஸிமோரான்... பெயர்களே மிரட்டின. பார்த்தால் முதல் இரண்டும் நம்ம உருவகமும் சிலேடையும்! மூன்றாவது, முரணான இரண்டைச் சேர்த்துச் சொல்வது. அந்தச் சொல்லே கிரேக்கத்தில் 'கூர்மை', 'மழுங்கல்' இரண்டும் ஒட்டியது. ஒரே டூலில் இரண்டும் இருந்தால் நம்ம இன்ஸ்ட்ரக்டர் தூக்கி எறிந்துவிடுவார். மொழியில் அது அலங்காரமாம்!

சிலேடைக்கு நம் ஃபிட்டிங் ஷாப்பே போதும். ஆபீசில் இருப்பதும் ஃபைல், நாம் அராவுகிற அரமும் ஃபைல். ஆபீஸ் ஃபைல், லத்தீனில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் காகிதங்களை நூலில் கோர்த்து வைத்தார்கள். அரமோ பழைய ஆங்கிலச் சொல். பிறப்பு வேறு, உருவம் ஒன்று. ஆபீஸ் ஃபைல் நகராவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். நம்ம ஃபைல் நகராவிட்டால் ஜாப் முடியாது!

உருவகம் இன்னும் வேடிக்கை. பிக் அயர்ன் என்று எழுதி எழுதிக் கை வலித்திருக்கிறது. அதில் பன்றி எங்கே வந்தது? உருக்கிய இரும்பை மணலில் ஒரு பெரிய வாய்க்காலில் விட்டு, அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் குழிகளில் நிரப்புவார்கள். தாய்ப்பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பது போல இருந்ததாம். இதை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் மறந்திருக்குமா?

ஒருநாள் அப்பத்தா, "அங்க என்னய்யா படிக்கிற?" என்று கேட்டது. லேத்தைத் தமிழிலேயே சொன்னேன். தலை இருக்கு, அது ஹெட்ஸ்டாக். வால் இருக்கு, அது டெயில்ஸ்டாக். வேலையைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குத் தாடை இருக்கு. நடுவில் சேணம், அடியில் கால், பெட் என்று படுக்கை வேறு. கியருக்குப் பல்லும் உண்டு. மாடு பிடித்துப் பழகிய அப்பத்தா கேட்டது: "அம்புட்டும் இருக்கா? அப்ப அதுக்குத் தீவனம் என்னய்யா வைப்பீங்க?"

சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். ஃபீட்! ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றுகையில் டூல் நகரும் தூரத்துக்கு அதுதானே பெயர்? நான் மனப்பாடம் செய்ததை, பள்ளிக்கூடமே பார்க்காத அப்பத்தா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டது.

அன்றிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் உள்ளே என்ன படம் இருக்கிறது என்று தேடுகிறேன். வேலையோடு சேர்ந்து சுற்றினால் லைவ் சென்டர், அசையாமல் நின்றால் டெட் சென்டர். செத்த சென்டருக்குத்தான் கிரீஸ் தடவ வேண்டும், தேய்மானம் அங்கேதான்! சிவில் நண்பர்களுக்குக் கட்டடத்தின் சொந்த எடை டெட் லோடு, வந்து போகும் ஆட்கள் லைவ் லோடு. அரத்தில் டெட் ஸ்மூத் என்றால் மட்டும் சாவு இல்லை, 'அடியோடு' வழவழப்பு.

ஊசிக்கு நாம் காது வைத்தோம், அவர்கள் கண் வைத்தார்கள். கடிகாரத்துக்கு நாம் முள் வைத்தோம், அவர்கள் கை. வைவா வரிசையில் நிற்கும்போது இதைத்தான் பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். "வாட் ஈஸ் ஃபீட்?" என்றார் எக்ஸாமினர்.