மிதிவண்டிக்கு எந்தப் பிரேக்?



அண்மைக் காலத்தில் பிள்ளைக்கு மிதிவண்டி வாங்கப் போனவர்கள் அனைவரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள். "டிஸ்க் பிரேக் வேண்டுமா, சாதா பிரேக் போதுமா?" என்று கடைக்காரர் கேட்பார். நாம் வாய் திறக்கும் முன்பே பிள்ளை விடை சொல்லியிருக்கும். இராசிபுரத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்குச் செல்லும் என் மகளும், "அத்தா, எங்க கிளாஸ்ல பாதிப் பேரு டிஸ்க்தான் வச்சிருக்காங்க" என்றாள். விலையோ கூடுதல். எனினும் பிள்ளையின் உயிரைக் காக்கும் பொருளுக்குக் காசு பார்ப்பதா என்ற எண்ணம் எந்தத் தகப்பனுக்கும் எழத்தானே செய்யும்? அந்த எண்ணத்தின் பலத்தை விற்பவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே, பணத்தை எடுத்து வைக்கும் முன் சற்று விசாரித்தேன்.

நம் முன்னோர் ஓட்டிய கறுப்பு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். சென்னையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற அந்த வண்டிகளில் இருந்தது கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் மேல்நோக்கி இழுக்க, இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைப் பற்றும். பின்னர் வந்த ஒயர் பிரேக்கில் கட்டைகள் ரிம்மை இருபக்கமும் பிடித்தன. பிடிக்கும் இடம் மட்டும் மாறவில்லை, அது ரிம்தான். டிஸ்க் பிரேக்கிலோ சக்கரத்தின் நடுவில், ஹப்போடு சேர்த்து ஒரு மெல்லிய எஃகுத் தட்டு பூட்டப்படுகிறது. கட்டைகள் அந்தத் தட்டை நெரிக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 26 அங்குல வண்டியின் ரிம் ஏறத்தாழ 22 அங்குல விட்டமுள்ளது. டிஸ்க் தட்டு 160 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குலத்துக்குச் சற்றே மேல். கதவைக் கீல் பக்கம் பிடித்துத் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ரிம்மைப் பிடித்து நிறுத்துவதைப்போல் மூன்றரை மடங்கு விசையோடு அந்தச் சிறு தட்டை நெரித்தால்தான் அதே பயன் கிட்டும். அதற்காகக் கட்டைகள் தட்டுக்கு மிக நெருக்கமாக நிறுத்தப்படுகின்றன. தட்டு இம்மியளவு வளைந்தாலும் உரசும். பள்ளி சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டி சாய்ந்து பத்து வண்டிகளைத் தள்ளும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

உலர்ந்த சாலையில், நன்கு பராமரிக்கப்பட்ட இரண்டில் எதை அழுத்தினாலும் சக்கரம் நின்றுவிடும். அதன் பிறகு வண்டி நிற்பதும் வழுக்குவதும் டயருக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள பிடிப்பைப் பொறுத்தது. தேய்ந்த டயரோடு ஓடும் வண்டிக்கு டிஸ்க் பூட்டுவதால் என்ன பயன்?

மழையில் கதை வேறு. நனைந்த ரிம்மில் கட்டை முதலில் நீரை வழிக்க வேண்டும். அதன் பின்னரே பிடிக்கும். அதிலும் நிக்கல் குரோமியம் பூசிய எஃகு ரிம் இருக்கிறதே, பளபளப்பாகக் கண்ணைப் பறிக்கும், மழையில் கைவிட்டுவிடும்! அலுமினிய ரிம் அந்த அளவுக்கு மோசமில்லை. நடுவே உயரத்தில் இருப்பதால் டிஸ்க் தட்டில் சேறும் நீரும் குறைவாகவே படும். நனைந்தாலும் விரைவில் பிடித்துவிடும். டிஸ்க்கின் உண்மையான பெருமை இதுவே. ஆகவே சாதா பிரேக் வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "ரிம் எஃகா, அலுமினியமா?" என்பதுதான். கடையில் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடமும் கேட்டேன். நாற்பது ஆண்டுகளாகக் கோட்டம் எடுத்துப் பழகிய கை அவருடையது. "பாய், ரப்பர் கட்டைன்னா டப்பாவுல கிடக்கு, பத்து நிமிசத்துல மாட்டிடுவேன். டிஸ்க் கட்டைன்னா மாடலுக்கு ஒண்ணா இருக்குதுங்க, சேலத்துக்குத்தான் ஆள் அனுப்பணும்" என்றார். விலை குறைந்த வண்டிகளில் வரும் டிஸ்க் பெரும்பாலும் ஒயரால் இழுபடுவது. அதில் ஒரு பக்கக் கட்டை மட்டுமே நகர்ந்து, தட்டை வளைத்து மறுபக்கக் கட்டையோடு நெரிக்கும். தேயத் தேய நகராத கட்டையைத் திருகி முன்னே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் பிடிப்பு நாளுக்கு நாள் குறையும். இன்னொரு ஆபத்து நம் வீட்டிலேயே இருக்கிறது. "கீச்" என்று சத்தம் கேட்டால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். டிஸ்க் தட்டில் எண்ணெய் பட்டால் அதைக் கட்டை உறிஞ்சிக்கொள்ளும், பிரேக் பிடிக்காது, கட்டையையே மாற்ற நேரிடும்.

என் மகளுக்கு அலுமினிய ரிம்மோடு சாதா பிரேக் வண்டியே வாங்கினேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தமிழக அரசு 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் மற்ற மாணவருக்கும் விரிவாக்கிய விலையில்லா மிதிவண்டிகளில் நான் பார்த்தவை எல்லாம் ரிம்மைப் பிடிப்பவையே என்று எடுத்துச் சொன்னேன். "அது இலவச வண்டி அத்தா" என்று பதில் வந்தது!

என் அக்காள் மகனுக்கோ நானே டிஸ்க் வாங்கச் சொன்னேன். அவன் விடுமுறை நாட்களில் கொல்லிமலை ஏறுகிறவன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள். இறங்கும்போது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் குறைகிறது. ஆளும் வண்டியுமாக 75 கிலோ என்று கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொண்டாலும் எஞ்சியது பிரேக்கில்தான் சூடாக இறங்கும். சமவெளியில் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை ஆயிரம் முறைக்கு மேல் நிறுத்துவதற்கு அது சமம். ரிம்மில் பிடித்தால் சூடு டியூபுக்கு ஏறும். அது வெடிக்கவும் கூடும். டிஸ்க்கில் அந்தச் சூடு டயரை அண்டாது. ஏற்காட்டின் 20 வளைவுகளுக்கும் இதே நியாயம்தான். நாமக்கல் லாரி ஓட்டுநர்களைக் கேளுங்கள், மலை இறங்கும்போது சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். மிதிவண்டிக்கு எஞ்சின் ஏது? விட்டு விட்டுப் பிடிப்பதும், இடையில் நின்று ஆற விடுவதுமே வழி. நின்றதும் தட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும்.

உலகப் பந்தய வீரர்களே இவ்விஷயத்தில் நெடுநாள் தயங்கினர். 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் காலில் காயமுற்ற ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ வென்டோசோ, டிஸ்க் தட்டே அதற்குக் காரணம் என்றார்; சோதனை முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. சாலைப் பந்தயங்களில் முழு அனுமதி 2018 ஜூலையில்தான் கிடைத்தது.

எதை வாங்கினாலும், கடையை விட்டு வெளியேறும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, எங்கேனும் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிள்ளையின் கையைக் கைப்பிடியில் வைத்து, விரல்கள் எட்டுகின்றனவா என்று பாருங்கள். எட்டாவிட்டால் கைப்பிடிக்குள் இருக்கும் சிறு திருகைத் திருகித் தரச் சொல்லுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் அழுத்தும் பிள்ளைகள் மிகப் பலர். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. இரண்டையும் ஒருசேர, மெல்ல மெல்ல அழுத்தும்படி ஆளில்லாத மைதானத்தில் ஒரு மாலைப்பொழுது பழக்கிவிடுங்கள். ரப்பர் கட்டையில் உள்ள வெட்டுக்கோடுகள் மறைந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.