மாத்திரை டப்பாவும் விபூதித் தட்டும்

"முருகனை இவ்வளவு நம்புறியே, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்று என் அக்காவிடம் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு மனச்சிதைவு நோய். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதித் தட்டை ஒட்டியே அவளது மாத்திரை டப்பா இருக்கும். ராத்திரி முதலில் மாத்திரை, பிறகு விபூதி. அந்த வரிசை அவள் வைத்தது. காதில் குரல் கேட்கும் நாளில் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே கூடத்தில் நடப்பாள். குரல் நிற்காது. பயம் குறையும். அது சின்ன விஷயமில்லை.

2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயிலில் சராசரியாக 6 வாரம் தங்கிய 31 பேருக்கு, மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்திருந்தன. பயமுறுத்தாத, ஆதரவான இடம் அது. மீதிக்கு மருந்து வேண்டும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷம், ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியால் கட்டிவைத்த 28 உயிர்கள் போயின. நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன், சங்கிலியைச் சொல்வேன். பிற்பாடு அதே தர்காவுக்கு, துஆ என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் வந்தது.

நம் பக்கத்தில் ஜெபக்கூட்டம், பஜனை நடத்துகிறவர்களே, தலையில் கைவைத்து வேண்டுங்கள். கூடவே "மாத்திரை போட்டியாம்மா?" என்றும் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.